தலைப்பிரட்டை வாலும் என் வயிற்றெரிச்சலும்

தலைப்பிரட்டைக்கு வால் உதிர்ந்துவிடும் என்று ஏழு வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். அப்போது நான் தென்காசியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான வாத்தியார். முட்டை, தலைப்பிரட்டை, பின்னங்கால் முளைத்தது, முன்னங்கால் முளைத்தது, வால் உதிர்ந்து தவளையானது என்று கரும்பலகையில் ஐந்து படம் போடுவேன். நடுவில் அம்புக்குறி இழுத்து, பார்த்து வரையச் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிடுவேன். ஒரு பையனும் ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்டிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன். கேள்வி என்றாலே எனக்கு ஆகாது.

கேட்டது என் மனைவி. தாய்மாமன் மகள், எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். வகுப்பில் காட்டுவதற்காக வீட்டுப் பின்கட்டில் கண்ணாடி ஜாடிகளில் தலைப்பிரட்டை வளர்த்து வந்தேன். வளர்த்தேன் என்பது பேச்சுக்கு. தண்ணீர் மாற்றியதும் அரைக்கீரையை அவித்துப் போட்டதும் அவள்தான். ஒரு நாள் ஜாடியைக் கழுவிக்கொண்டே ஆரம்பித்தாள்.

“அத்தான், வாலு உதிருதுங்கீகளே, உதிர்ந்த வாலு எங்க கெடக்கு? நான் தெனமும் தண்ணிய வடிகட்டித்தான் கொட்டுதேன். ஒரு வாலக்கூடப் பாக்கலையே.”

“மத்ததுக தின்னுருக்கும்.”

“ஒத்தையாக் கெடந்த ஜாடியிலயும் காணலையே.”

“அழுகிக் கரைஞ்சிருக்கும். போயி வேலையப் பாரு.”

போய்விட்டாள். எனக்குப் பதில் தெரியாது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது எனக்கும் தெரிந்ததால் அன்று முழுக்க அவளிடம் சிடுசிடுத்துக்கொண்டிருந்தேன்.

இது அப்படியே மறந்து போயிருக்கும். என் நண்பன் வந்து கெடுத்தான்.

அவனும் நானும் பாளையங்கோட்டையில் ஒரே கல்லூரியில், விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். விலங்கியல்தான் இருவருக்கும். படிப்பு முடிந்ததும் மெட்ராஸில் ஆராய்ச்சிக்கு ஓர் இடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு இருவரும் ஒரே ரயிலில் போனோம், ஒரே நாளில் கேள்விகளுக்குப் பதில் சொன்னோம். அவனை எடுத்துக்கொண்டார்கள். ஊருக்குத் திரும்பி வந்து, அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, அதனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என எல்லாரிடமும் சொன்னேன். அப்பா கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். என் மனைவிகூட அந்தப் பொய்யை நம்பித்தான் எனக்குக் கழுத்தை நீட்டினாள்.

அவனுடைய கடிதம் வரும் நாளில் எனக்குச் சோறு இறங்காது. சரி, மெட்ராஸில் எதையாவது செய்துகொண்டு கிடக்கட்டும் என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். ஆனால் அந்த வருஷம், அறுபதுகளின் நடுவில் ஓர் ஆனி மாதம், சாரல் தொடங்கிய வாரத்தில் அவனே பெட்டியும் கையுமாக வீட்டு வாசலில் வந்து நின்றான். அவன் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தது எதை என்று கேட்கிறீர்களா? தலைப்பிரட்டையின் வாலை. குற்றாலத்துப் பாறைக்குழிகளில் பிடிக்கலாம் என்று வந்திருந்தான்.

முதல் நாள் சாப்பாட்டில் அவனுக்கு இலை போட்டுப் பரிமாறிக்கொண்டே என் மனைவி அதே கேள்வியைக் கேட்டாள். உதிர்ந்த வால் எங்கே? சோற்றைப் பிசைந்த அவன் கை அப்படியே நின்றது.

“மதினி, இதத்தான் நாங்க மெட்ராஸ்ல உக்காந்து தேடிக்கிட்டு இருக்கோம். வாலு உதிரவும் இல்ல, அழுகவும் இல்ல. ஒடம்பே அத உள்ளுக்குள்ள தின்னுருது.”

பிறகு சொன்னான். உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத செல்கள். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அதைவிடச் சிறிய பைகள். பைக்குள் நம் இரைப்பையில் சுரப்பது போலச் செரிக்கும் சாறு. செல்லுக்குள் பழசாகிப் போன துணுக்குகளை, வேலைக்கு ஆகாதவற்றை ஒரு சவ்வு வந்து சுற்றிக்கொள்கிறது. சுற்றிய பொட்டலம் சாற்றுப் பையோடு சேர்கிறது. உள்ளே எல்லாம் பிரிந்து சத்தாகி, செல்லுக்கே திரும்பிப் போகிறது. பட்டினி கிடக்கும் செல் இதை இன்னும் வேகமாகச் செய்கிறது.

“பழைய வீட்டப் பிரிச்சு, உத்தரத்தையும் நெலையையும் எடுத்துப் புதுக்கட்டுக்கு வைக்கோமில்லா, அதே மாதிரி.”

“அந்தப் பை பொத்துக்கிட்டா?”

“செல்லு தன்னையே தின்னு தீத்துரும்.”

“அப்ப எப்பத் திங்கணும், எதத் திங்கணும், எப்ப நிறுத்தணும்னு யாரு அண்ணாச்சி உத்தரவு குடுக்கா?”

அவன் இலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். ரசம் என் வேட்டியில் தெறித்தது. “ஏலே, கேட்டியா! நாலு வருஷம் கழிச்சுத்தாம்லே எனக்கு இந்தக் கேள்வியே வந்துச்சு!”

கேட்டேன். காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போலக் கேட்டேன். ஏழு வருஷமாகப் பொய்ப் பாடம் நடத்தியவன் நான் என்பதைக்கூட அந்த நேரம் யோசிக்கவில்லை. அவன் என்னைப் பார்த்து ஒரு முறைகூட அப்படி இலையைத் தட்டியதில்லையே என்றுதான் யோசித்தேன்.

சனிக்கிழமை மூவரும் குற்றாலத்துக்குப் பஸ் ஏறினோம். பழைய அருவிக்குக் கீழே பாறைக்குழிகளில் துண்டை விரித்து ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தலைப்பிரட்டைகளை அள்ளினோம். நான் அள்ளியதெல்லாம் ஒன்று மிகச் சின்னதாக இருந்தது, இல்லாவிட்டால் பாதித் தவளையாகியிருந்தது. அவனுக்கு வேண்டியது பின்னங்கால் மொட்டு விட்டு, வால் இன்னும் முழுசாக இருக்கும் பருவம். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீர் ஓரத்தில் குந்தினாள். கொஞ்ச நேரம் சும்மா பார்த்தாள். பிறகு ஒரு தேங்காய்ச் சிரட்டையால் ஒவ்வொன்றாக முகந்து பானையில் விட்டாள். அறுபதுக்கு மேல் இருக்கும். அவன் எண்ணிப் பார்த்ததில் நாலைந்துதான் தவறு.

“கண்ணுன்னா இது கண்ணு,” என்றான். எண்ணெய் தேய்த்துக் குளிக்க வந்த கூட்டத்துக்கு நடுவில், நனைந்த வேட்டியோடு, எனக்கு வயிறு எரிந்தது. குளிரில்கூட எரியும் என்று அன்றுதான் தெரிந்தது.

அவன் ஒரு மைக்ராஸ்கோப் கொண்டுவந்திருந்தான். வாலின் மெல்லிய சீவலில் மருந்து ஏற்றி, சாற்றுப் பைகள் இருக்கும் இடமெல்லாம் கறுப்புப் புள்ளியாகத் தெரியும்படி செய்திருந்தான். அதை முதலில் அவளைப் பார்க்கச் சொன்னான். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தாள். பள்ளிக்கூடத்திலும் ஒரு மைக்ராஸ்கோப் உண்டு. அதன் சாவி என்னிடம்தான் இருந்தது. அவளுக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

ஊருக்குக் கிளம்பும்போது, ஜாடிக்கு ஒரு தலைப்பிரட்டையாக எட்டு ஜாடிகளை அவள் பொறுப்பில் விட்டான், என் பொறுப்பில் அல்ல. தலைப்பிரட்டையின் கழுத்துச் சுரப்பியிலிருந்து வரும் ஒரு சாறுதான் வாலைத் தின்ன உத்தரவு கொடுக்கிறது. ஆட்டின் கழுத்துச் சுரப்பியைக் காயவைத்துப் பொடித்துத் தண்ணீரில் போட்டாலும் அதே உத்தரவு போகும். நாலு ஜாடிக்குப் பொடி, நாலு ஜாடிக்கு வெறும் தண்ணீர். பொடி ஜாடிக்கு அரைக் கரண்டி, வாரம் ஒரு முறை. கரண்டி என்றால் மருந்துக் குப்பியோடு வந்த பொடிசான தகரக் கரண்டி. இரண்டும் எப்படி மாறுகின்றன என்று தினமும் குறித்து வைக்க வேண்டும்.

எங்கள் வீடு சுத்த சைவம். ஆட்டுப் பொடிக் குப்பியை அவள் தொழுவத்து மாடத்தில் வைத்தாள். அதைத் தொட்ட நாளில் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அடுப்படிக்குள் நுழைவாள். ஆனாலும் ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

வாலை அளக்க அவன் ஓர் அடிக்கோல் கொடுத்திருந்தான். அவளுக்கு அதன் கோடுகள் சரிப்படவில்லை. அவள் கண்டுபிடித்த வழி வேறு. விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை ஜாடியோடு சேர்த்துப் பிடித்து, வால் எவ்வளவோ அவ்வளவுக்கு ஒடிப்பாள். அன்றைய தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து, அதன் முதுகில் எட்டு ஈர்க்குத் துண்டுகளையும் சோற்றுப் பசையால் வரிசையாக ஒட்டுவாள். ஓரத்தில் இரண்டு வரி எழுதுவாள். தாள்களை அடுக்கிப் புரட்டினால் வால் குறைந்துகொண்டே போவது கண்ணுக்குத் தெரியும். இப்படி ஒன்று எனக்குத் தோன்றவே தோன்றாது. அதனால் அதைப் பார்த்துச் சிரித்தேன். விளக்குமாற்று விஞ்ஞானம் என்று பெயர் வைத்தேன். அவளும் சிரித்தாள். ஆனால் ஒட்டுவதை நிறுத்தவில்லை.

பதினைந்து நாளில் அவன் மறுபடி வந்து தாள்களைப் பார்த்தான். ஒரு தாளின் ஓரத்தில் அவள் எழுதியிருந்தது: ‘முன்னங்கால் வந்த பொறவு கீரை திங்கலை. வால்தான் இதுக்குக் கட்டுச்சோறு.’ அவன் அதைச் சத்தமாகப் படித்தான். இரண்டாம் முறையும் படித்தான். தன் நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டான்.

“இன்னொண்ணும் பாத்தேன் அண்ணாச்சி. காலு நல்லா வந்த பொறவுதான் வாலு கொறையுது. ஒரு ஜாடியிலயும் முந்திப் பிந்திப் போகலை.”

“மதினி, இந்த வருஷம் ஒரு கட்டுரை அச்சாகப் போகுது. ஜாடிகள்ல புதுசா எட்டுத் தலைப்பிரட்டை விட்டுட்டுப் போறேன், இதையும் அடுத்த மாசம் வரைக்கும் சரியாப் பாத்துக் குடுத்துட்டீங்கன்னா அதுல ஒங்க பேரும் வரும். நான் போட வச்சிருதேன்.”

அவள் உள்ளே போனாள். சாயங்காலம் ஒரு துண்டுத் தாளை என் முன்னால் வைத்து, தன் பெயரை இங்கிலீஷில் எழுதித் தரச் சொன்னாள். எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலை, அடுப்படிச் சுவரில் கரியால் அந்தப் பெயர் வரிசையாக ஆறு முறை எழுதியிருந்தது. கடைசி வரியில் எழுத்து நேராக வந்துவிட்டது.

காப்பி கேட்டுப் போனவன் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் பெயர் எங்கள் கல்யாணப் பத்திரிகையைத் தவிர வேறு எந்த அச்சிலும் வந்ததில்லை. பட்டம் வாங்கியவன் நான். மெட்ராஸுக்கு ரயில் ஏறிப் போய்த் திரும்பியவன் நான். எட்டாம் வகுப்புக்காரியின் பெயர் அச்சில் வந்தால் நான் யார்? அவளுக்கு நல்லது நடக்கப் போகிறது என்று ஒரு கணம்கூட என் மனது குளிரவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்குக் கூசுகிறது. ஆனால் அன்று கூசவில்லை.

ஆடிக் கிருத்திகை வந்தது. பண்பொழி மலை முருகன் கோயிலுக்கு அவள் வருஷம் தவறாமல் போவாள். எப்போதும் கூடப் போகிறவன் அந்த வருஷம் பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்று சொல்லி இருந்துவிட்டேன். அவள் பக்கத்து வீட்டுக்காரர்களோடு பஸ்ஸில் போனாள். வழக்கமான அளவு பொடியை முந்தின நாளே போட்டிருந்தாள். மத்தியானம், தூறல் விட்டிருந்த நேரம், தொழுவத்து மாடத்திலிருந்து குப்பியை எடுத்தேன். நாலு பொடி ஜாடிகளிலும் ஜாடிக்கு இரண்டு கரண்டி போட்டு, குச்சியால் கலக்கிவிட்டேன். கொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. அவளுடைய நேரான தாள்களில் ஒரு கோணல் விழ வேண்டும். அவன் உதட்டைப் பிதுக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. போட்டு முடித்ததும் நிம்மதியாகக்கூட இருந்தது. பரீட்சைத் தாள்களில் மார்க்கைத் தாராளமாகப் போட்டேன்.

மூன்றாம் நாளே ஜாடிகளில் கோரம் தெரிந்தது. கால் இன்னும் மொட்டாகவே இருக்க, வால் மளமளவென்று சுருங்கியது. நீந்த வாலும் இல்லை, உதைக்கக் காலும் இல்லை. பக்கவாட்டில் சாய்ந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு கிடந்தன. உத்தரவு அளவுக்கு மேல் போனால் உடம்புக்கு வரிசை தப்பிவிடும் போலிருக்கிறது. ஐந்தாம் நாள் நாலு ஜாடியிலும் ஒன்றும் உயிரோடு இல்லை.

அவள் அழவில்லை. தினமும் ஈர்க்கை ஒடித்து ஒட்டிக்கொண்டுதான் இருந்தாள். செத்த பிறகும் ஒவ்வொன்றையும் ஓர் இலையில் கிடத்தி அளந்தாள். முழுத் தாள் அடுக்கையும் மடியில் வைத்துப் புரட்டினாள். கிருத்திகைத் தாள் வந்ததும் விரல் நின்றது.

“அன்னைக்கு நம்ம வீட்டுக்கு யாரும் வந்தாகளா அத்தான்?”

“ஒருத்தரும் வரலையே.”

சொல்லி முடித்த பிறகுதான், அன்று வீட்டில் இருந்தது நான் மட்டும்தான் என்பதைச் சொல்லிவிட்டேன் என்று எனக்கே உறைத்தது.  தாள்களை அடுக்கி நூலால் கட்டி வைத்தாள்.

ஆவணி தொடக்கத்தில் நண்பன் வந்தான். அவன் உதடு பிதுக்குவதைப் பார்க்கக் காத்திருந்த எனக்கு அங்கேயும் அடி விழுந்தது. தாள்களைப் புரட்டியவன் கடைசிப் பத்துத் தாள்களை மட்டும் தனியே எடுத்துத் தரையில் பரப்பினான். அவன் முகம் சிவந்திருந்தது.

“ஏலே, இதப் பாரு! காலு வராம வாலு போயிருக்கு! ரெண்டுக்கும் தனித்தனி உத்தரவு இருக்குலே. கொஞ்சம் பொடிக்குக் கால் கேக்குது, நெறையப் போட்டாத்தான் வாலு கேக்கும். எல்லாம் ஒரே சமயம் நெறையப் போயிட்டா வரிசை கெட்டுப்போகுது.” அவள் பக்கம் திரும்பினான். “மதினி, இது தப்பு இல்ல. இதுதான் விஷயமே. எவ்வளவு போட்டீக? அந்த அளவு மட்டும் தெரிஞ்சாப் போதும். இந்தக் கட்டுரையே ஒங்களோடதுதான்.”

அறையில் மூன்று பேர். அளவு எனக்குத் தெரியும். வாயைத் திறந்து இரண்டு கரண்டி என்று சொன்னால் போதும். அவள் பெயர் அச்சில் ஏறிவிடும். கூடவே, என் மனைவி வீட்டில் இல்லாத நாளில் நான் திருட்டுத்தனமாகத் தொழுவத்துக்குப் போனேன் என்பதும் அவனுக்குத் தெரிந்துவிடும். அவனுக்கு! உலகத்தில் வேறு யார் என்னைக் கேவலமாக நினைத்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். சேலை முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். வெளியே ஒரு மாட்டுவண்டி தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போய்ச் சேர்ந்தது. நான் தரையில் கிடந்த ஈர்க்குத் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தெரியலை அண்ணாச்சி,” என்றாள் கடைசியில். “போடயில குப்பி கைதவறிச் சாஞ்சிட்டு. ஜாடிக்குள்ள கொஞ்சம், தரையில கொஞ்சம். எவ்வளவுன்னு சொல்ல முடியாது.”

“நாலு ஜாடியிலயுமா?”

“ஆமா.”

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கினான். “அளவு தெரியாம ஒண்ணும் எழுத முடியாதே மதினி,” என்றான். குரலில் கோபமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

தை மாதம் தபாலில் கட்டுரை வந்தது. வால், சாற்றுப் பை, கறுப்புப் புள்ளி எல்லாம் இருந்தன. விளக்குமாற்று ஈர்க்கு இல்லை. கடைசியில் பொடி எழுத்தில், குற்றாலத்தில் தலைப்பிரட்டை பிடிக்க உதவியதற்காக நன்றி சொல்லி, பட்டத்தோடு என் பெயர் இருந்தது.

“என்ன போட்டிருக்கு?” என்று எட்டிப் பார்த்தாள். எழுத்தை அவளே கூட்டிப் படித்தாள். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து, என் பெயரை. “நல்லா அழகா விழுந்திருக்கு,” என்றாள். அந்த வாரம் அடுப்படிக்கு வெள்ளையடித்தாள். எட்டு ஜாடிகளையும் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்து, நார்த்தங்காய் ஊறுகாய் போட்டாள். பள்ளிக்கூடத்துக்குத் தலைப்பிரட்டை வேண்டும் என்றபோது, வேறு ஜாடி வாங்கிக்கொள்ளச் சொன்னாள். வாங்கினேன். தண்ணீர் மாற்ற மறந்து எல்லாம் செத்துப் போயின.

அடுத்த வருஷச் சாரலுக்கு அவன் வந்து பானையை நீட்டியபோது, “எல்லாம் அவுக பாத்துக்கிடுவாக அண்ணாச்சி,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவனுக்கும் எனக்கும் நடுவில் இனி அவள் இல்லை. நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. மைக்ராஸ்கோப்பில் முதலில் நான் பார்த்தேன். அவன் என்ன தெரிகிறது என்று கேட்டான். கறுப்புப் புள்ளி தெரிகிறது என்றேன். சரி என்று தலையாட்டினான். அதற்கடுத்த வருஷம் அவன் வரவில்லை.

அறுபதுகள் முடியும் நேரத்தில் அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வெளிநாட்டுக்குப் போகிறானாம். கடைசியில் ஒரு வரி: பொடி அளவும் வரிசையும் பற்றிய அந்த விஷயத்தை இப்போது வேறு இடங்களில் செய்துகொண்டிருக்கிறார்கள், அன்று அளவு மட்டும் தெரிந்திருந்தால் அது மதினியுடையதாக இருந்திருக்கும்.

 அவள் பின்கட்டில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்து கடிதத்தை முழுக்கப் படித்துக் காட்டினேன். பிறகு சொன்னேன்.

“அன்னைக்குப் பொடி போட்டது நாந்தான். ஜாடிக்கு ரெண்டு கரண்டி.”

முறம் நிற்கவில்லை. “ரெண்டரை,” என்றாள். “குவிச்சுப் போட்டிருப்பீக. நான் போட்டது போகக் குப்பியில பத்துக் கரண்டி கொறஞ்சிருந்துச்சு, நாலு ஜாடி. மலையிலருந்து வந்து, அதுக சுருங்க ஆரம்பிச்ச அன்னைக்கே அளந்துட்டேன்.”

“அப்ப அவன் கேட்டப்ப ஏன் சொல்லலை?”

முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

“நீங்க சொல்லுவீகன்னு பாத்துக்கிட்டே நின்னேன்,” என்றாள்.